அண்ணியின் கட்டளைப் பட்டியலும் ஒரு சொல்லும்

என் அண்ணி அந்தத் தவறைச் செய்யவில்லை. அலுவலக அறிக்கை வேறு மாதிரி சொல்கிறது. அறிக்கை கோப்பில் இருக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிப்பார்கள். அண்ணியைப் பற்றி யாரும் எழுதி வைக்கப்போவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன். எனக்குப் புரிந்த வரையில், படிக்கிறவர்களுக்கும் புரியும்படி.

அண்ணிக்கு முப்பத்தெட்டு வயது. என் அண்ணனைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதை அண்ணன் சண்டையின்போது மட்டும் நினைவுபடுத்துவான். பகலில் ஒரு போட்டோ பிரிண்ட் கடையில் நின்றுகொண்டே மாலைக் கல்லூரியில் கணக்குப் படித்தவர். கடையில் வந்தவர்கள் முகம் கறுப்பாக வந்துவிட்டது, சட்டை பச்சையாக வந்துவிட்டது என்று சண்டை போடுவார்கள். ஒரு படம் கண்ணுக்கு வந்து சேருவதற்குள் எத்தனை இடத்தில் கெட்டுப்போகலாம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டாராம். இப்போது, துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் பழகுகிறவர்களுக்குச் சிமுலேட்டர் செய்யும் நிறுவனத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறார். ஒரு நாற்காலி, இரண்டு பக்கமும் லீவர், எதிரே மூன்று பெரிய திரை. திரையில் துறைமுகம், கப்பல், கண்டெய்னர், தொங்குகிற கொக்கி. அதில் உட்கார்ந்து ஓட்டித் தேர்வில் தேறினால்தான் உண்மையான கிரேனில் ஏற உரிமம் கிடைக்கும்.

வீட்டில் அண்ணியிடம் எதையும் பாதி சொல்ல முடியாது. "அதை எடுத்து அங்க வைங்க" என்றால் அப்படியே நிற்பார். எதை, எங்கே, இப்பவா, அடுப்பை அணைச்ச பிறகா என்று கேட்பார். அண்ணன் ஆஸ்பத்திரியில் எலக்ட்ரீஷியன், வாய் அதிகம். "உங்க அண்ணிகிட்ட ஒரு வாய்த் தண்ணி கேக்கணும்னா, எந்த டம்ளர், எவ்வளவு தண்ணி, முந்தின டம்ளர் கழுவியாச்சா எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்" என்பான்.

"எழுதிக் குடுத்தா தண்ணியாவது வருது. உங்ககிட்ட சொன்ன ஃபேன் ரெண்டு மாசமா சுத்தல" என்பார் அண்ணி.

இந்தப் பழக்கம் வேலையிலிருந்து வந்தது. அந்த வேலையைச் சொன்னால்தான் நடந்தது புரியும்.

திரையில் படம் வரைவது கிராபிக்ஸ் சிப். பழைய முறையில் அதற்கு வேலை சொல்வது, சமையல்காரர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்வதைப் போன்றது. நீலத்தை எடு, இதை வரை, இப்போது மஞ்சள், அதை வரை. நடுவில் டிரைவர் என்று ஒரு மென்பொருள் இருக்கும். நாம் சொல்லாமல் விட்டதையெல்லாம் அது தானே பார்த்துச் செய்துகொள்ளும். புதிய முறையில் சமையலறைக்குள் நுழையவே முடியாது. வேண்டியதையெல்லாம் ஒரே சீட்டில் வரிசையாக எழுதி ஜன்னல் வழியாக நீட்ட வேண்டும். எழுதும்போது எதுவும் நடக்காது. சீட்டு உள்ளே போன பிறகுதான் வேலை தொடங்கும். எது முடிந்த பிறகு எது என்பதையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் இரண்டையும் ஒன்றாக அடுப்பில் ஏற்றிவிடுவார்கள். ஏன் என்று கேட்க யாரும் இல்லை.

நிறுவனத்தின் சிமுலேட்டர் பழைய முறையில் எழுதப்பட்டது. பதினைந்து வருடத்துக்கு முன்பு அதை எழுதியவர்தான் இப்போது தலைமைப் பொறியாளர். புதிதாக வாங்கிய கணினிகளில் பழைய முறை ஓடவில்லை. முழுவதையும் திரும்ப எழுத நேரமில்லை என்று, நடுவில் உட்கார்ந்து பழையதைக் கேட்டுப் புதியதாக எழுதித் தரும் ஒரு லேயரைச் செய்யும்படி அண்ணியிடம் சொன்னார்கள். ஒன்றரை வருடம் தனியாகச் செய்தார்.

சிமுலேட்டர் 'நீலத்தை எடு' என்றால் லேயர் உடனே எழுதிவிடாது. நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்து 'மஞ்சள்' என்றால் நீலத்தை விட்டுவிடும். 'வரை' என்று சொல்லும்போதுதான், அந்த நேரத்தில் எந்த நிறம், எந்தப் படம், எந்த வெளிச்சம் என்று பார்த்து, போன தடவையிலிருந்து எது மாறியதோ அதை மட்டும் கட்டளைப் பட்டியலில் எழுதும். பட்டியல் நிரம்பியதும் சிப்புக்கு அனுப்பும். சிப் அதைச் செய்துகொண்டிருக்கும்போதே அடுத்த பட்டியலை எழுதத் தொடங்கிவிடும். ஒரு நொடியில் அறுபது முறை திரை மாறுகிறது. இவ்வளவும் அதற்குள். அலுவலகத்தில் அண்ணிக்குப் பதிவாளர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். "என்னங்க பதிவாளர், இன்னைக்கு எத்தனை பத்திரம்?" என்று கேட்பார்களாம். அண்ணியும் சிரித்துக்கொண்டு ஒரு எண் சொல்வாராம்.

எழுதுவதற்கும் செய்வதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. எல்லாம் நடந்தது அந்த இடைவெளியில்.

திரையில் தெரியும் ஒவ்வொரு பொருளும் எங்கே இருக்கிறது என்பதைச் சிமுலேட்டர் ஒரு நீளமான பலகையில் கட்டம் கட்டமாக எழுதும். முதல் கட்டத்தில் கொக்கி, அடுத்ததில் கயிறு, அப்புறம் கண்டெய்னர், லாரி, ஆட்கள். பட்டியலில் லேயர் எழுதுவது 'முதல் கட்டத்தைப் பார்த்துக் கொக்கியை வரை' என்று. ஆகவே சிப் வந்து பார்க்கும்வரை அந்தக் கட்டத்தை யாரும் அழிக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் லேயர் நகல் எடுத்துத் தனியாக வைக்கும், ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும். அதனால் பழைய முறையில் ஒரு சலுகை உண்டு. 'சிப் இன்னும் பார்க்காத கட்டத்தை நான் தொடமாட்டேன், நீ நகல் எடுக்க வேண்டாம்' என்று சிமுலேட்டர் உறுதி கொடுக்கலாம். கொடுத்தால் லேயர் அதை நம்பிப் பலகையை அப்படியே சிமுலேட்டரின் கையில் கொடுத்துவிடும். பலகை தீர்ந்தால் புதுப் பலகை கேட்க வேண்டும். ஒழுங்கு அவ்வளவுதான்.

லேயர் போட்டு நான்காவது மாதம் ஒருவர் தேர்வில் தோற்றார். துறைமுகத்தில் ஒன்பது வருடமாகக் கீழே நின்று கொக்கி மாட்டுகிறவர். மேலே ஏறி ஓட்ட வேண்டும் என்று ஆசை. அது அவருக்கு மூன்றாவது முறை. மூன்று முறை தோற்றால் இரண்டு வருடம் விண்ணப்பிக்கவே முடியாது. தேர்வின் கடைசிப் பகுதியில் மழை பெய்யும். திரையில் ஐம்பது அறுபது கண்டெய்னர், நகரும் லாரிகள், கீழே ஆட்கள். அந்த இடத்தில் அவர் லீவரை வெடுக்கென்று இழுத்தார். பளு ஆடி லாரியில் மோதியது. தேர்வு அதிகாரி மதிப்பெண் தாளில் எழுதினார்: 'காரணமின்றி லீவரை இழுத்தார். தகுதியில்லை.'

மறுநாள் அவர் நேராக அலுவலகத்துக்கே வந்துவிட்டார். வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில், டீ மெஷினுக்கு எதிரே நின்றுகொண்டு, மேலாளரிடமும் தலைமைப் பொறியாளரிடமும் சொன்னார்.

"கொக்கி இடது பக்கம் எகிறிச்சு சார். நான் பார்த்தேன்."

"தோத்தவங்க எல்லாரும் எதையாவது பார்த்திருப்பாங்க" என்றார் தலைமைப் பொறியாளர். மேலாளர் சிரித்தார்.

"ஒன்பது வருஷமா அண்ணாந்து கொக்கியத்தான் சார் பார்த்துட்டு நிக்கிறேன். அது தலையில விழாம இருக்கணுமே. அதுல எனக்குத் தப்பு வராது."

டீ பிடித்துக்கொண்டிருந்த அண்ணி திரும்பி, "எவ்வளவு நேரம் எகிறிச்சுங்க?" என்று கேட்டார்.

"கண்ணு சிமிட்டற நேரம்மா."

"திரும்ப வந்துச்சா?"

"வந்துச்சு. அதுக்குள்ள கை போயிடுச்சு."

அந்த ஒரு பதிலில் அண்ணிக்கு உறைத்துவிட்டது. பொய் சொல்கிறவர் கொக்கி திரும்ப வந்ததைச் சொல்லமாட்டார்.

தேர்வில் லீவர் அசைவது எல்லாம் பதிவாகும். அண்ணி அந்தப் பதிவை எடுத்து அதே மழையில் திரும்ப ஓட்டினார். இரண்டு முறை ஒன்றும் இல்லை. மூன்றாவது முறை கொக்கி, நொடிக்கு அறுபதில் இரண்டே படத்துக்கு, ஒரு லாரியின் இடத்துக்குத் தாவித் திரும்பியது. ஓடிப்போய்த் தலைமைப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டினார். நேர்மையானவர்கள் செய்கிற முட்டாள்தனம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. யாரிடம் முதலில் காட்டுகிறோம் என்று யோசிப்பதே இல்லை.

அவர் திரையைப் பார்த்து, "அப்ப உன் லேயர்தான்" என்றார். "என் புரோகிராம் பதினஞ்சு வருஷமா ஓடுது. லேயர் வந்து நாலு மாசம். யார் மேல தப்புன்னு பால்வாடிக் குழந்தை சொல்லும்."

மேலாளர், "சத்தமில்லாம சரி பண்ணிடுங்கம்மா. அந்த ஆளுக்குக் கருணை அடிப்படையில இன்னொரு வாய்ப்பு குடுக்கச் சொல்லி நான் பேசிக்கிறேன்" என்றார்.

கருணை. படம் பொய் சொன்னது, அதை நம்பியவருக்குக் கருணை. எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அண்ணி கோபப்படவில்லை. தன் மேல்தான் தவறு என்றே அவரும் நம்பினார். ஒரு வாரம், லேயரில் பட்டியல் எழுதும் இடம் முழுவதையும் வரி வரியாகப் படித்தார். தண்ணீர் கேட்டால் எந்த டம்ளர் என்றுகூடக் கேட்காமல் கொடுத்தார். அண்ணன் பயந்துபோய் ஃபேனைச் சரிசெய்துவிட்டான்.

ஏழாம் நாள் கிடைத்தது. லேயர் தான் கேட்டதையெல்லாம் நேரத்தோடு எழுதி வைத்திருந்தது. அதில் இருந்தது இது: முதல் கட்டத்தைப் பார்க்கச் சொல்லும் பட்டியல் சிப்புக்குப் போயிருக்கிறது. 'முடித்துவிட்டேன்' என்ற பதில் சிப்பிடமிருந்து இன்னும் வரவில்லை. அதற்குள் சிமுலேட்டர், தொடமாட்டேன் என்ற அதே உறுதியோடு, முதல் கட்டத்தை அழித்து அதில் லாரியை எழுதியிருக்கிறது. பலகை தீர்ந்ததும் புதுப் பலகை கேட்காமல் முதல் கட்டத்துக்கே திரும்பிப் போயிருக்கிறது. சாதாரணக் காட்சியில் பலகை தீர நேரமாகும், அதற்குள் சிப் பார்த்து முடித்திருக்கும். மழைக் காட்சியில் பொருள்கள் அதிகம், சிப்பும் பின்தங்கும்.

"உறுதி குடுத்துட்டு மீறியிருக்கு சார், உங்க புரோகிராம்" என்றார் அண்ணி.

"அப்படின்னா பழைய மெஷின்ல ஏன் வரல?" என்று கேட்டார் தலைமைப் பொறியாளர். "அதுக்குப் பதில் சொல்லு, அப்புறம் பேசலாம்."

கேள்வி நியாயமானதுதான் என்றார் அண்ணி.

ஸ்டோர் அறையில் உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால் பழைய கணினி ஒன்று கிடந்தது. தூசி தட்டி எடுத்து ஓட்டினார். இருபது முறை ஓட்டியும் கொக்கி அசையவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க, புரோகிராமில் இரண்டு வரி சேர்க்க நினைத்தார். மூலத்தைக் கெடுக்கக் கூடாது என்று அதை நகல் எடுத்து, 'நகல்' என்றே பெயர் வைத்தார். எதையும் சேர்ப்பதற்கு முன் சும்மா ஒரு முறை ஓட்டிப் பார்த்தார். கொக்கி தாவியது.

லேயரே இல்லாத கணினி அது. ஓர் எழுத்துகூட மாறாத புரோகிராம். பெயர் மட்டும் வேறு. பெயரை மாற்றினால் தாவுகிறது, பழைய பெயரை வைத்தால் தாவவில்லை. இரண்டு நாள் மாற்றி மாற்றி ஓட்டிய பிறகுதான் நம்பினார். அந்தக் காலத்தில் பல துறைமுகங்களில் ஓடிய புரோகிராம் அது. யாரோ புகார் சொல்லியிருக்க வேண்டும். பழைய டிரைவரை எழுதியவர்கள், இந்தப் பெயரில் ஒரு புரோகிராம் வந்தால் அதன் உறுதியை நம்பாதே, பேசாமல் நகல் எடுத்துக்கொள் என்று உள்ளே ஒரு வரி வைத்துவிட்டார்கள். யாரிடமும் சொல்லவில்லை. பதினைந்து வருடம் ஒரு தவறை இன்னொருவர் மறைவாகத் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். துடைத்தவர் போனதும், புதிதாக வந்தவர் அழுக்காக்கிவிட்டார் என்கிறார்கள். சொன்ன உறுதியை அப்படியே நம்பியது மட்டும்தான் அண்ணியின் லேயர் செய்த குற்றம்.

கொக்கி மாட்டுகிறவருக்கு அண்ணி போன் செய்து, மேலாளர் கருணை அடிப்படையில் வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்வதைச் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல அண்ணிக்கு உரிமை இல்லை, அவர் பிழைப்பு அது. சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

"கருணையா? நான் யார் கால்லயாவது விழுந்தேனாம்மா?" என்றார் அவர். "அந்தத் தாளோட நகல் எங்க சூப்பர்வைசர் மேசையில கெடக்கு. காரணமில்லாம இழுக்கறவன்னு எழுதியிருக்கு. நாளைக்கு உரிமம் வாங்கினாலும் எவன் என்னை நம்பிக் கீழ நிப்பான்? நானே நிக்கமாட்டேன். அந்தச் சொல்ல எடுக்கச் சொல்லுங்க."

அண்ணி தேர்வு அதிகாரிக்குக் கடிதம் எழுதினார். மேலாளருக்கும் ஒரு பிரதி வைத்தார். மேலாளர் அறைக்குள் கூப்பிட்டு இருபது நிமிடம் பேசினாராம். அங்கே பேசியதை அண்ணி வீட்டில் சொல்லவில்லை. வந்து துணி மடித்தார், மடித்ததையே மறுபடி மடித்தார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தேர்வு அதிகாரி வந்தார். அதிகம் பேசாதவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்கிறவர். கொக்கி மாட்டுகிறவரும் வந்து சுவரோரம் நின்றார். தலைமைப் பொறியாளர் முந்திக்கொண்டார்.

"பழைய மெஷின்லயே ஓட்டிப் பாருங்க சார். ஒரு குறையும் இருக்காது. லேயர் இருந்தாத்தான் வரும்."

"சரி சார், அதுலயே ஓட்டலாம்" என்றார் அண்ணி. "புரோகிராமுக்குப் பேரு மட்டும் மாத்திக்கிறேன். உங்க முன்னாடியே மாத்துறேன். வேற எதையும் தொடல."

"பேரை மாத்தினா என்ன ஆகும்? என்ன வேணா மாத்திக்க" என்றார் தலைமைப் பொறியாளர். அங்கே இருந்தவர்களில் அவருக்கு மட்டும் அப்போதும் சந்தேகமே வரவில்லை.

அண்ணி பெயரை மாற்றிவிட்டு நாற்காலியைத் தேர்வு அதிகாரியின் பக்கம் திருப்பினார். "நீங்களே ஓட்டுங்க சார். மழைப் பகுதி."

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நல்ல கை. கண்டெய்னரைத் தூக்கி, ஆடவிடாமல் நகர்த்தி, லாரிக்கு மேலே கொண்டுவந்தார். ஐந்து நிமிடம், ஆறு நிமிடம், ஒன்றும் இல்லை. தலைமைப் பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழாவது நிமிடம் அதிகாரியின் வலது கை லீவரை வெடுக்கென்று இழுத்தது. பளு ஆடிப் போய் லாரியில் மோதியது.

அண்ணி நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இப்ப லீவரை ஏன் சார் இழுத்தீங்க?" என்று கேட்டார் அண்ணி.

அதிகாரி திரையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். "கொக்கி..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"எனக்கும் அப்படித்தான் சார்" என்றார் சுவரோரம் நின்றவர்.

அதிகாரி பையிலிருந்து மதிப்பெண் தாளை எடுத்தார். 'காரணமின்றி' என்பதைக் கோடு போட்டு அடித்தார். மேலே, 'திரையில் கொக்கி தவறான இடத்தில் தெரிந்ததால்' என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தேதி போட்டார். 'தகுதியில்லை' என்பதையும் அடித்து, 'தேர்வு செல்லாது, மீண்டும் நடத்தப்படும்' என்று எழுதினார். பிறகு எழுந்து போய் சுவரோரம் நின்றவரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். மன்னிப்பு என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த மாதம் அவர் தேறிவிட்டார். அதில் எனக்கு நிறைவு. மற்றதில் இல்லை.

நிறுவனத்தின் அறிக்கை அந்த வியாழக்கிழமைக்கு இரண்டு வாரம் கழித்து வந்தது. பல பக்கம், நடந்ததைப் பற்றி நான்காம் பக்கத்தில் ஒரே வரி. 'இடையில் பயன்படுத்தப்படும் லேயரில் இருந்த குறை கண்டறியப்பட்டு நீக்கப்பட்டது.' அவ்வளவுதான். அறைக்குள் எல்லாரும் கண்ணால் பார்த்த பிறகு, லேயரே இல்லாத பழைய கணினியில் கொக்கி தாவியதைப் பார்த்த பிறகு, இப்படி எழுதியிருக்கிறார்கள். தலைமைப் பொறியாளரின் புரோகிராமைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. அவர் இன்னும் அதைத் திருத்தவில்லை. லேயரிலேயே அந்தப் பெயரைப் பார்த்து நகல் எடுக்கும்படி செய் என்று அண்ணிக்கு உத்தரவு வந்தது. அண்ணி செய்தார். செய்யாவிட்டால் நாளைக்கு வேறு ஒருவர் தோற்பார் என்றார். ஆனால் அந்த இடத்துக்கு மேலே, நிரலைப் படிக்கிறவர்களுக்கான குறிப்பாக மூன்று வரி எழுதி வைத்தார். 'இந்தப் புரோகிராம் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பலகையின் முதல் கட்டத்தைத் தொடுகிறது. அதனால் இதன் உறுதியை இங்கே நம்பக் கூடாது. இதனால் ஒருவர் தேர்வில் தோற்றார்.' கீழே தேதி.

தலைமைப் பொறியாளர் அதை எடுக்கச் சொன்னார். மேலாளர் சமாதானம் பேச வந்தார். "உள்ள இருக்கற குறிப்ப யாருமே படிக்கப் போறதில்லம்மா. எதுக்கு வீண் வம்பு?"

"யாரும் படிக்கலன்னா அது இருந்துட்டுப் போகட்டுமே சார்" என்றார் அண்ணி.

இன்னும் இருக்கிறது. பதிவாளர் என்று கேலி செய்தவர்கள் இப்போது அந்தப் பெயரைச் சொல்வதில்லை. பயமா மரியாதையா என்று அண்ணிக்கும் தெரியவில்லை.

உரிமம் கிடைத்த அன்று கொக்கி மாட்டுகிறவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கோடு போட்டு அடித்த அந்தத் தாளின் நகலை அண்ணியிடம் கொடுத்தார். அசல் தன் சட்டைப் பையில் இருக்கிறது என்று தொட்டுக் காட்டினார். "புதுத் தாள் தரேன்னாங்க. வேணாம்னுட்டேன். அடிச்சது தெரியணும்" என்றார். அவர் போன பிறகு அண்ணன், "ஊர்ல எல்லாரும் சொந்த மார்க் ஷீட்டத்தான் பத்திரமா வைப்பாங்க" என்றான். சொல்லிக்கொண்டே அலமாரியில் அதற்கு இடம் ஒதுக்கியவனும் அவன்தான்.

அறிக்கையைத் திருத்தச் சொல்லி அண்ணி இரண்டு கடிதம் எழுதிவிட்டார். பதில் இல்லை. இன்று காலை சாப்பாட்டு மேசையில் மூன்றாவதை எழுதிக்கொண்டிருந்தார். முந்தின இரண்டிலும் பொதுவாகச் சொல்லிவிட்டேன், அதுதான் தவறு என்றார். எட்டிப் பார்த்தேன். 'பக்கம் நான்கு, இரண்டாம் பத்தி, மூன்றாம் வரி. "லேயரில் இருந்த குறை" என்ற சொற்களை நீக்கவும். அந்த இடத்தில் "சிமுலேட்டர் புரோகிராமில் உள்ள குறை" என்று எழுதவும். "நீக்கப்பட்டது" என்பதை நீக்கவும். அது இன்னும் நீக்கப்படவில்லை.'